உரத்தொட்டியைக் கெடுப்பது சாம்பார்: பெங்களூரு ஹாஸ்டல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாஸ்டல் மெஸ் கழிவை உரமாக்கும் முயற்சி பெரும்பாலும் நாற்றத்தில்தான் முடிகிறது. வார்டன் மூடச் சொல்வார், குழுவும் கலைந்துவிடும். மாணவர்களுக்கு ஆர்வம் போதவில்லை என்று பழி வரும். ஆனால் உண்மைக் குற்றவாளி சாம்பார்.

வீட்டு மாடியில் உரம் போடுபவருக்குக் கிடைப்பது காய்கறித் தோல். மெஸ்ஸில் கிடைப்பதோ சாம்பாரிலும் ரசத்திலும் ஊறிய சோறும் மோரும் கூட்டும். அதை அப்படியே கொட்டினால் காற்றிருக்க வேண்டிய இடைவெளியில் நீர் நிரம்பிக் குவியல் அழுகும். அடியில் ஓட்டை போட்ட டிரம்மில் ஒரு மணி நேரம் வடியவிட்டு, பிறகு ஒரு வாளி உணவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு சேர்க்க வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் சருகு போதாது. உதிர்ந்தால் தண்ணீர் போதாது.

நாற்றம் எல்லாம் ஒன்றல்ல. அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்றில்லை, புரட்டிவிட வேண்டும். மூத்திர நெடி வந்தால் நைட்ரஜன் மிஞ்சிவிட்டது, சருகு சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஃபினாயில் ஊற்றுபவர்கள் உண்டு. அது உரமாக்கும் நுண்ணுயிர்களையே கொன்றுவிடும். குவியல் மூன்றடி நீளம், அகலம், உயரத்துக்குக் குறைந்தால் சூடு நிற்காது. நடுவில் 55 டிகிரி செல்சியஸ் ஏறி மூன்று நாளாவது நின்றால்தான் நோய்க்கிருமிகள் சாகும்.

சருகுக்கு எங்கே போவது என்று ஆகஸ்டில் யோசிப்பது அடுத்த தவறு. பெங்களூரு மரங்கள் அதிகம் உதிர்ப்பது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அப்போது கூட்டிக் கொளுத்திவிடுவார்கள். ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழை. காய்ந்த இலை ஒன்றுகூடக் கிடைக்காது. நாளுக்கு இரண்டு வாளி உணவுக் கழிவுக்கு நான்கு வாளி சருகு, அதாவது ஏறக்குறைய ஒரு சாக்கு. மழைக்காலம் முழுக்க 150 சாக்கு. அத்தனையும் நனையாமல் வைக்கக் கூரையுள்ள இடம் இல்லையென்றால் ஒரு வாளியோடு தொடங்குங்கள். தச்சுப்பட்டறை மரத்தூளும் ஆகும். பிளைவுட் தூள் மட்டும் வேண்டாம், அதில் பசை இருக்கிறது. பேப்பர் கப்பையும் போடக்கூடாது, உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு.

மூன்று நிறத்தில் குப்பைத்தொட்டி வாங்கி வைத்துப் படம் எடுத்துப் போடுவது எளிது. அள்ளும் தள்ளுவண்டியில் ஒரே தொட்டிதான் என்றால் எல்லாம் மறுபடி ஒன்றாகத்தான் கலக்கும். தொட்டி வாங்குமுன் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களிடம், "எத்தனை மணிக்கு அள்றீங்க, எங்கே கொட்றீங்க?" என்று கேட்டு, ஒரு நாள் அந்த வண்டியின் பின்னாலேயே நடந்து பாருங்கள்.

உணவு வீணாவதைக் குறைக்கும் பிரசாரத்தில் போஸ்டர் முதலில் வரும், தராசு கடைசியில் வரும். முதல் வாரம் எதுவும் சொல்லாமல் எடை மட்டும் போடுங்கள். ஏழு நாளும் வேண்டும்; பிரியாணி நாளும் உப்புமா நாளும் ஒன்றாகாது. தட்டில் மிஞ்சியதையும் அண்டாவில் மிஞ்சியதையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். முன்னது பிள்ளைகள் செய்வது, பின்னது சமையல் கணக்கு பிசகுவது. 300 பேர் ஆளுக்கு 60 கிராம் மிச்சம் வைத்தால் 18 கிலோ. அண்டாவில் 30 கிலோ மிஞ்சும் மெஸ்ஸில் போஸ்டர் ஒட்டிப் பயனில்லை.

மரக்கன்று நடும்போது பாலிதீன் பையைக் கிழிக்காமல் புதைப்பது இன்னும் நடக்கிறது. இரண்டடிக் குழி வெட்டுங்கள். எத்தனை நட்டோம் என்பதை விட்டு, அடுத்த மே மாதம் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுங்கள்.

நிர்வாகத்திடம் சலுகைபோலக் கேட்பதும் வேண்டாத பணிவு. 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் ஈரக்கழிவை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன. புரட்டும் ஆளுக்குக் கூலியும் மண்வெட்டிக்குக் காசும் மெஸ் கணக்கில் வரட்டும்.

கடைசி ஆண்டு மாணவர் கையில் மட்டும் சாவி இருக்கக்கூடாது. விடுமுறைக்கு மூன்று வாரம் முன்பே புதிய உணவு போடுவதை நிறுத்தி, குவியலைச் சருகால் மூடி, தராசையும் எடை நோட்டையும் மெஸ் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள்.