உங்கள் எம்.பி. அவையில் என்ன செய்தார்? பதிவேட்டைப் படிக்கும் முறை

தேர்தல் நெருங்கினால் எம்.பி.க்களின் மதிப்பெண் பட்டியல் சுற்றுக்கு வந்துவிடும்: வருகை இத்தனை சதவீதம், கேள்விகள் இத்தனை, விவாதங்கள் இத்தனை. நாடாளுமன்றச் செயல்பாட்டை ஆராயும் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் அமைப்பின் தளத்தில் இந்த எண்கள் மாநில சராசரி, தேசிய சராசரியோடு சேர்த்தே கிடைக்கின்றன. தொடங்க நல்ல இடம். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் தவறான முடிவுக்கு வருவீர்கள். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூலப் பதிவுகள் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. அவற்றைப் படித்துத்தான் ஒருவரை எடைபோட வேண்டும்.

முதலில் வருகை. அவைக்கு வந்து பதிவேட்டில் வருகையைப் பதிவு செய்தால் அன்று வந்தவர் என்பதே கணக்கு. ஐந்து நிமிடம் இருந்தாரா, இரவு வரை இருந்தாரா என்பதை அது சொல்லாது. அமளியில் சில நிமிடங்களிலேயே ஒத்திவைக்கப்பட்ட நாளும் முழு வருகையாக ஏறலாம். அமைச்சர்கள் இப்படி வருகையைப் பதிவு செய்வதில்லை. கேள்வி கேட்பதும் தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் தாமே முன்வைக்கும் மசோதா) கொண்டுவருவதும் அவர்கள் வேலையல்ல. ஆகவே ஓர் அமைச்சரின் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தால் அதைக் குற்றமாகப் படிக்காதீர்கள். இடைத்தேர்தலில் வந்தவருக்கு அவர் பதவியேற்ற நாளிலிருந்துதான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கேள்விகள். ஒருவரின் அக்கறை எங்கே இருக்கிறது என்று காட்டுவதில் இதற்கு நிகரான பதிவு இல்லை. மக்களவையில் ஒரு நாள் பட்டியலில் நட்சத்திரக் கேள்விகள் 20, எழுத்துப் பதில் மட்டும் கிடைக்கும் நட்சத்திரமிடாதவை 230 வரை இடம்பெறும். எது இடம்பெறும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஆக எண்ணிக்கையில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் பட்டியலின் முதல் சில கேள்விகள்தான் எட்டப்படும். மீதிக்கு எழுத்துப் பதிலே. அதனால் ‘நட்சத்திரக் கேள்வி கேட்டார்’ என்பதோடு விடாமல், அன்றைய விவாதப் பதிவைத் திறந்து, பெயர் அழைக்கப்பட்டபோது அவர் இருந்தாரா, துணைக் கேள்வியில் என்ன கேட்டார் என்று பாருங்கள். அமைச்சர் நழுவிய இடத்தில் விடாமல் பிடித்த ஒரு துணைக் கேள்வி, ஐம்பது எழுத்துக் கேள்விகளுக்குச் சமம்.

எண்ணும்போது ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. ஒரே பொருளில் பலர் கேட்டால் கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகத் தருவார்கள். மேலே ஐந்தாறு பெயர்கள் இருக்கும். ஒவ்வொருவர் கணக்கிலும் அது ஒன்றாக ஏறும். பதில் கோப்பைத் திறந்து எத்தனை பேர் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அமைச்சக வாரியாகப் பிரித்துப் பாருங்கள். மீனவர் தொகுதியின் உறுப்பினர் ஐந்தாண்டில் மீன்வளத் துறையிடம் எத்தனை முறை கேட்டார், இலங்கைக் கடற்படைக் கைது பற்றி வெளியுறவுத் துறையிடம் எத்தனை முறை கேட்டார் என்பது அப்போது தெரிந்துவிடும். ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ என்று பதில் வந்தால் அது உறுதிமொழியாகக் கருதப்படும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். உறுப்பினர் அதைத் தொடர்ந்து விரட்டினாரா என்று தேடுங்கள்.

பேச்சுகளைத் தேடும்போது வகையைக் கவனியுங்கள். மசோதா மீதான விவாதம், அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரம், பொதுப் பிரச்சினைகளை எழுப்ப உதவும் மக்களவையின் விதி 377, அதுபோன்ற மாநிலங்களவையின் சிறப்புக் குறிப்பு எல்லாம் வேறு வேறு. எழுதிய உரையை அவையில் வைத்துவிட்டுப் போவதும் உண்டு. பதிவில் அப்படியே குறிக்கப்பட்டிருக்கும், அது பேசியதாகாது. தமிழில் பேசியது ஆங்கில மொழிபெயர்ப்பாக அச்சாகும் என்பதால், குரலைக் கேட்க சன்சத் டிவி காணொளியை நாடுங்கள். பேசும் நேரம் கட்சியின் பலத்தைப் பொறுத்தே கிடைக்கிறது. ஓரிரு உறுப்பினர் உள்ள கட்சிக்காரரின் சில நிமிடப் பேச்சைப் பெரிய கட்சியின் முதல் பேச்சாளரோடு ஒப்பிடுவது நியாயமல்ல.

வாக்குப் பதிவுதான் கடினமான பகுதி. பெரும்பாலான மசோதாக்கள், ‘ஆம்’, ‘இல்லை’ என்று எழும் குரலை வைத்து முடிவு செய்யும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. யார் எப்படி வாக்களித்தார் என்பதற்குப் பதிவே இராது. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள், எதிர்க்கட்சிகள் டிவிஷன், அதாவது ஒவ்வொருவர் வாக்கையும் எண்ணும் வாக்கெடுப்பு, கேட்டும் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. எனவே பெயர் பதிவாகும் டிவிஷன் எங்கே நடந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அரசியல் சட்டத் திருத்தங்களில் அது கட்டாயம் இருக்கும்: 2023இல் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454க்கு 2 என்று நிறைவேறியது, பெயர்ப் பட்டியல் அன்றைய விவாதப் பதிவிலேயே உண்டு. தேதியில் கவனம் தேவை. வக்ஃபு திருத்த மசோதா மக்களவையில் 288க்கு 232 என நிறைவேறியது நள்ளிரவுக்குப் பின், அதாவது 2025 ஏப்ரல் 3. ஆனால் அமர்வு ஏப்ரல் 2இல் தொடங்கியது, அந்தத் தேதியில்தான் தேட வேண்டும். அவைத் தலைவர் அறிவிக்கும் எண் ‘திருத்தத்துக்கு உட்பட்டது’. பொத்தான் சரியாகப் பதிவாகாதவர்கள் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். ஆகவே அறிவித்த எண்ணை விட்டு, அச்சான பட்டியலையும் அதன் அடிக்குறிப்பையும் பாருங்கள்.

ஆதரவு, எதிர்ப்பு, வாக்களிக்காமை மூன்றிலும் பெயர் இல்லையென்றால் அவர் அப்போது அவையில் இல்லை, அல்லது வெளிநடப்பு செய்திருக்கிறார். எது என்பதைப் பட்டியல் சொல்லாது. வாக்கெடுப்புக்குச் சற்று முந்தைய விவாதப் பக்கங்கள்தான் சொல்லும். காலையில் வருகையைப் பதிவு செய்திருந்தார் என்பது இதற்குச் சான்றாகாது.

கிடைத்த வாக்கையும் அளவாகவே படிக்க வேண்டும். 1985இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைப்படி, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி பறிபோகலாம். கட்சி முன்அனுமதி தந்திருந்தாலோ 15 நாளுக்குள் மன்னித்தாலோ தப்பலாம். ஆகையால் வாக்கு பெரும்பாலும் கட்சியின் முடிவு. உறுப்பினரின் சொந்தக் கருத்து வேண்டுமானால் வேறு மூன்று இடங்களில் தேடுங்கள்: மசோதாவுக்கு அவர் கொடுத்த திருத்தங்கள், குழு அறிக்கையில் இணைத்த மறுப்புக் குறிப்பு, தனிநபர் மசோதா. இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியுள்ளன, 1970க்குப் பின் ஒன்றும் இல்லை. அதற்காக வீண் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. அது சட்டமாகவில்லை, ஆனால் 2019இல் அரசே தன் சட்டத்தைக் கொண்டுவந்தது.

மதிப்பெண் பட்டியல்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது குழு வேலையை. அமைச்சகங்களின் மசோதாக்களையும் செலவையும் ஆராயும் துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பதால் யார் என்ன கேட்டார் என்பது வெளிவராது. ஆனால் ஒவ்வோர் அறிக்கையின் பின்னிணைப்பிலும் கூட்டக் குறிப்பு இருக்கும், வந்தவர்கள் பெயரோடு. உங்கள் எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பார்த்து, ஓராண்டு அறிக்கைகளை இறக்கி, அவர் பெயர் எத்தனை கூட்டத்தில் வருகிறது என்று கையாலேயே எண்ணுங்கள். ஒரு மாலை நேர வேலைதான்.