வீட்டில் கற்கும் பிள்ளைக்குத் தமிழையும் வரலாற்றையும் கடினமாக்கும் வழி

பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் பெற்றோர் பலருக்கு, பிள்ளையின் பன்னிரண்டு வயது வாக்கில் ஒரே இடர்ப்பாடு வந்து சேர்கிறது. கணக்கும் அறிவியலும் படிப்படியாகத் தாமாகவே கடினமாகிக்கொண்டு போகின்றன. தமிழும் வரலாறும் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. பிள்ளை பாடத்தை ஒருமுறை வாசித்துவிட்டு, பின்னால் உள்ள வினாக்கள் அனைத்துக்கும் விடை எழுதிக் கொடுத்துவிடுகிறது. அப்போது பெரும்பாலோர் ஏழாம் வகுப்பு நூலை மூடிவிட்டு எட்டாம் வகுப்பு நூலை எடுத்துக் கொடுக்கிறார்கள். இதனால் வேகம் கூடுகிறதே தவிர வேறொன்றும் நடப்பதில்லை. எட்டாம் வகுப்பு நூலும் பிறர் கண்ட முடிவுகளையே தருகிறது. பிள்ளையும் அவற்றையே திருப்பி எழுதுகிறது.

கூட்ட வேண்டியவை பக்கங்கள் அல்ல. பிள்ளை தானாக ஒரு முடிவுக்கு வந்து, அதற்குச் சான்று காட்ட வேண்டிய இடங்களே. அதற்கு எளிய வழி, வரலாற்றின் மூலச் சான்று ஒன்றைக் கையில் கொடுத்து, தமிழ்ப் பாடத்தையும் வரலாற்றுப் பாடத்தையும் அந்த ஒன்றைச் சுற்றியே சில வாரங்கள் நடத்துவதாகும். இரண்டு பாடங்களுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கும் பழக்கத்தை அந்த வாரங்களில் கைவிட்டுவிடலாம்.

முதல் சான்று: உத்திரமேரூர்

தொடங்குவதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைவிடப் பொருத்தமானவை இல்லை என்பது என் கருத்து. காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள அவ்வூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது பொது ஆண்டு 919இலும் 921இலும், ஊர்ச் சபையின் வாரியங்கள் எனப்பட்ட குழுக்களுக்கு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் வெட்டப்பட்டன. பாடநூலில் சில வரிகளில் முடிந்துவிடும் இச்செய்தி, கல்வெட்டின் வாசகத்தையே படிக்கும்போது முற்றிலும் வேறொன்றாக விரிகிறது. ஊர் குடும்பு எனப்பட்ட முப்பது பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டது. போட்டியிடுபவருக்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவை) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும், முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர்.

முதல் வாரம் முழுவதும் வாசகத்தை இன்றைய உரைநடையில் பெயர்த்து எழுதுவதற்கே போதாமல் போகும், அவசரப்பட வேண்டாம். குடும்பு, வாரியம், வேலி, பிராயம் போன்ற சொற்களைப் பிள்ளை பேரகராதியில் தேடிக் குறிப்பேட்டில் எழுதட்டும். அடுத்து, இந்த விதிகளின்படி ஊரில் யார் யாரெல்லாம் போட்டியிட முடியும், யார் யார் முடியாது என்று இரண்டு பட்டியல்கள் போடச் சொல்லுங்கள். இது பிராமணர் குடியிருப்பின் சபை என்பதும், நிலமில்லாதவர்க்கு அதில் இடமில்லை என்பதும் அந்தப் பட்டியல்களிலிருந்தே பிள்ளைக்குத் தெரிய வர வேண்டும். பெற்றோர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்த வாரத்துப் பாடம் வீணாகிவிடும்.

மூன்றாவது வேலை, இரண்டு கல்வெட்டுகளையும் ஒப்பிடுவது. முதலாவதில் வயது வரம்பு முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருக்க, இரண்டே ஆண்டுகள் கழித்து வெட்டப்பட்டதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாறியிருக்கிறது. இந்த மாற்றம் ஏன் வந்தது? பிள்ளை சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும், கல்வெட்டில் எந்தத் தொடர் அதற்கு ஆதாரம் என்று கேளுங்கள். தொடரைக் காட்ட முடியாவிட்டால் அதன் பக்கத்தில் ‘ஊகம்’ என்று எழுதி வைக்கட்டும். ஊகிப்பது தவறன்று, ஊகத்தைச் சான்றாக நினைத்துக்கொள்வதுதான் தவறு என்பதை இந்தக் குறிப்பேட்டுப் பழக்கம் மெல்ல மெல்லப் பதிய வைக்கும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கட்டுரை: இம்முறையை மக்களாட்சி எனலாமா? பிள்ளை எந்தப் பக்கம் நின்றாலும், எதிர்ப்பக்கத்தின் மிக வலுவான வாதத்தை முதலில் நேர்மையாக எழுதிவிட்டு, பிறகே தன் பக்கத்தை எழுத வேண்டும் என்ற ஒரு நிபந்தனை போதும். முடிந்தால் கட்டுரைக்கு முன்போ பின்போ கோயிலுக்கு நேரில் சென்று வரலாம். எழுத்துகள் பொறித்த சுவரின் முன் நிற்கும் பிள்ளையிடம் விளக்கம் எதையும் சொல்லாமல் அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

கல்வெட்டும் கவிதையும்

இரண்டாவது சான்றில் இலக்கியத்தை உள்ளே கொண்டு வரலாம். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, அவருடைய ஆட்சி எல்லைக்கு அப்பால் இருந்தவர்களாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சதியபுத்திரர் என்பவரையும் குறிப்பிடுகிறது. இந்தச் சதியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் விவாதப் பொருளாக இருந்தது. 1981இல் திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளியை, அதாவது துறவியர் தங்கும் குகையைப் பற்றிப் பேசுகிறது. ஔவையார் பாடிய தகடூர் அதியமானின் பெயர் இங்கே கல்லில் நிற்கிறது. இதைக் கதையாகச் சொல்லிவிடாமல், முதலில் அசோகர் கல்வெட்டின் அந்தப் பகுதியையும், சில நாள் கழித்து ஜம்பைக் கல்வெட்டையும், இறுதியில் புறநானூற்றின் 95ஆம் பாடலையும் கொடுங்கள். மூன்றையும் இணைக்கும் வேலை பிள்ளையுடையது.

அந்தப் பாடல் தமிழ்ப் பாடத்துக்கு ஒரு புதையல். அதியமானின் தூதராகத் தொண்டைமான் என்ற மன்னனிடம் சென்ற ஔவை, அவனுடைய படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவலுள்ள மனையில் இருப்பதாகப் பாராட்டுவதுபோல் பாராட்டிவிட்டு, தன் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்ச்சி இகழ்ச்சியாகத் திரும்புவது எந்தச் சொல்லில் என்று கேட்டு, பிள்ளை விரலை வைத்துக் காட்டும்வரை காத்திருங்கள். பிறகு அதே உத்தியில், பழிக்கும் சொல் ஒன்றுகூட இல்லாமல் ஒன்றைப் பழிக்கும் உரைநடைப் பத்தி ஒன்றை எழுதட்டும். வரலாற்றுப் பக்கத்தில் எழும் வினாவும் எளிதன்று: ஒரு மன்னனின் ஆதரவில் இருந்த புலவரின் பாட்டை அம்மன்னனின் வீரத்துக்குச் சான்றாக எவ்வளவு தூரம் கொள்ளலாம்?

பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் சில பக்கங்களைக் கொடுக்கலாம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர், 1736 முதல் 1761 வரை கப்பல் வரவையும் வணிகத்தையும் அரசியலையும் ஊர்ப் பேச்சையும் அன்றைய தமிழில் எழுதி வைத்தார். ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, அவர் கண்ணால் கண்டவை, பிறர் சொல்லக் கேட்டவை, தாமாக எண்ணிக்கொண்டவை என மூன்று நிற மையில் கோடிடச் சொன்னால் போதும். மறுநாள் அதே மூன்று மைகளோடு செய்தித்தாளையும் கொடுத்துப் பாருங்கள்.

எழுத்தும் திருத்தமும்

வாரம் ஒரு சிறு கட்டுரை எழுதுவதைவிட, மாதம் ஒரு கட்டுரையை மூன்று முறை எழுதுவது பிள்ளையை வளர்க்கும். முதல் வரைவில் எழுத்துப் பிழை எதையும் தொடாதீர்கள். கூற்றுகளுக்குச் சான்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவதில் பத்திகளின் வரிசை. சந்திப் பிழையும் ர, ற மயக்கமும் மூன்றாவதில்தான் வர வேண்டும். முதல் வரைவிலேயே தாள் முழுவதையும் சிவப்பாக்கிவிடுவது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். அதனால் பிள்ளை, பிழை வராத சிறு வாக்கியங்களாகப் பார்த்துப் பார்த்து எழுதக் கற்றுக்கொள்கிறது. முன்னுரை, முடிவுரை என்ற துணைத் தலைப்புகளுக்கும், தொடக்கத்தில் ஒட்ட வைக்கும் பழமொழிக்கும் ஓராண்டு தடை போட்டுவிடுங்கள். பிள்ளைகள் முதலில் திணறுவார்கள். பிறகு முதல் வாக்கியத்திலேயே பொருளுக்குள் நுழைவார்கள்.

இலக்கணம் அலுத்துவிட்டது என்று சொல்லும் பிள்ளைக்குச் செய்யுள் இயற்றும் இலக்கணமான யாப்பைக் கொடுங்கள். குறள் வெண்பாவுக்கு ஏழு சீர், அதாவது அசைகளால் ஆன ஏழு அலகுகள். மாச்சீரை அடுத்து நிரையசையும், விளச்சீரை அடுத்தும் காய்ச்சீரை அடுத்தும் நேரசையும் வர வேண்டும். ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். நேரசை, நிரையசை பிரிக்கத் தெரிந்தவுடனே எழுதத் தொடங்கிவிடலாம். வெண்பா முதலில் பொருளற்றதாகவே இருக்கும், ஆனால் சீர்களை இணைக்கும் தளை தட்டாமல் இருக்கட்டும். சரியான சீருக்காக ஒரே பொருளுடைய நான்கு சொற்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும்போது பெருகும் சொல்வளத்துக்கு ஈடான பயிற்சித்தாள் எதையும் நான் பார்த்ததில்லை. விடை சரியா என்பதைப் பெற்றோரைக் கேட்காமல் பிள்ளையே சோதித்துக்கொள்ளலாம் என்பது இதன் இன்னொரு வசதி.

நூல்களுக்குப் பெரும் செலவு இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பிலும் பழைய பதிப்புகளும் மூலப் பாடங்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தையும், மதுரைப் பக்கம் இருப்பவர்கள் 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தையும் பாடத்தோடு இணைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு நான்கு சான்றுகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். அவற்றுக்கிடையே உள்ள காலத்தைப் பாடநூலை வேகமாக வாசித்தே நிரப்பிக்கொள்ளலாம், அந்த வேலைக்குப் பாடநூல் நன்றாகவே பயன்படும்.

பொதுத் தேர்வைப் பற்றிய அச்சம் ஒன்று எஞ்சும். தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் குறைந்தது பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மதிப்பெண்ணை எண்ணிப் பாடத்தைச் சுருக்க வேண்டிய தேவை இல்லை. தேர்வுக்கு முந்தைய சில மாதங்களில் பழைய வினாத்தாள்களை எடுத்து, கேட்ட அளவுக்கு மட்டும் விடை எழுதும் பயிற்சியைத் தனியாகக் கொடுங்கள். நீளமாக வாதிட்டு எழுதிப் பழகிய பிள்ளைக்கு ஐந்து மதிப்பெண் வினாவுக்கு ஐந்து வரியோடு நிறுத்துவதுதான் கடினமாக இருக்கும். அதற்குக் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதிப் பழகினாலே போதும்.