கத்திரிக்காய் கட்சிக்கு ஒரு பேட்ஜ்: வீட்டிலேயே செய்வது எப்படி?

வேலூர்ப் பக்கம் பிரியாணிக்கு இரண்டு கட்சி உண்டு. கத்திரிக்காய் இல்லாமல் இலையில் கை வைக்காதவர்கள் ஒரு பக்கம். தயிர்ப் பச்சடி இருந்தால் போதும் என்பவர்கள் இன்னொரு பக்கம். சத்துவாச்சாரியில் என் சித்தி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலிருந்தே பிரியாணி விற்கிறார். விளம்பரத்துக்கு ஏதாவது செய்து கொடு என்று கேட்டார். நோட்டீஸ் அடித்தால் கை துடைக்கத்தான் ஆகும். அதனால் சட்டையில் குத்திக்கொள்ளும் வட்ட பேட்ஜ் செய்து கொடுத்தேன். செய்ததில் பாதி ‘கத்திரிக்காய் கட்சி’, மீதி ‘பச்சடி கட்சி’.

“என்னடா இது, கடை பேரையே காணோம்?” என்றார் சித்தி.

அங்கிருந்தே தொடங்கலாம்.

1. யாருடைய பேச்சு?

கடைப் பெயரைப் பெரிதாகப் போட்டு இலவசமாகக் கொடுத்தால் வாங்குகிறவர் சிரித்துவிட்டு வாங்குவார், வீட்டுக்குப் போய் மேசை டிராயரில் போடுவார். அதைக் குத்திக்கொண்டு தெருவில் நடக்க அவருக்கு என்ன தலையெழுத்து? அரசு ஊழியர்கள் கோரிக்கை அட்டை அணிந்து வேலை பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அவர்கள் பேச்சு, அதனால் நெஞ்சில் நிற்கிறது. அடுத்தவர் சின்னத்தைத் தலையில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம வேலூர்க் கோட்டையே சாட்சி. தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை எடு என்று 1805 நவம்பரில் ஆங்கிலேயர்கள் சிப்பாய்களுக்கு உத்தரவு போட்டார்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் சிப்பாய்களின் துப்பாக்கி வெடித்தது. பிரியாணிக் கடைக்கு அவ்வளவு பெரிய உதாரணம் தேவையில்லைதான். ஆனாலும் வாடிக்கையாளர் தன்னைப் பற்றிச் சொல்ல நினைப்பதை எழுதுங்கள். கடைப் பெயரை எங்கே வைப்பது என்று பிறகு சொல்கிறேன்.

மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். ஒரு படம் போதும். நான் போட்டது இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். காம்பில் முள்ளை மட்டும் கொஞ்சம் மிகைப்படுத்தி வரைந்தேன்.

2. அளவு

கடைகளில் அதிகம் கிடைப்பது 44, 58, 75 மில்லிமீட்டர் விட்டம். 75 கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மெல்லிய சட்டையை இழுத்துத் தொங்கும். தமிழ் எழுத்து அகலமானது, 44-இல் நெருக்கடி. முதல் தடவைக்கு 58 சரி.

58 பேட்ஜுக்குத் தாளை ஏறக்குறைய 70 மில்லிமீட்டர் வட்டமாக வெட்ட வேண்டும். மிச்சம் ஓரத்தில் மடங்கி உள்ளே போய்விடும். பேட்ஜை அழுத்தும் கை மிஷின் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும் என்பதால் அதனுடன் வந்த கட்டரின் அளவையே பின்பற்றுங்கள். எழுத்தும் படமும் நடுவில் 50-க்குள் அடங்கட்டும். பின்னணி நிறம் மட்டும் 70 வரை ஓடட்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

இப்போது கடைப் பெயர். முகப்பு 58-இல் முடிந்ததும் பக்கவாட்டில் மடியும் இரண்டு மில்லிமீட்டர் வளையம் இருக்கிறதே, அங்கே பொடி எழுத்தில். பேட்ஜைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறவருக்கு மட்டும் தெரியும். “இது எங்க வாங்கின?” என்று கேட்கிற ஆள்தான் நமக்கு வேண்டியவர்.

3. தமிழ் எழுத்தின் வில்லங்கம்

வளைவில் தமிழ் எழுதச் சொன்னால் பல மென்பொருள்கள் ‘கொ’வை மூன்றாகப் பிய்த்துவிடும், புள்ளி வேறு எங்கோ போய் உட்காரும். நான் ஒவ்வோர் எழுத்தையும் தனிப் பெட்டியில் தட்டச்சு செய்து கையால் சாய்த்தேன். சலிப்பான வேலை, ஆனால் தப்பாது. முடித்ததும் பிடிஎஃப் ஆகவோ பிஎன்ஜி ஆகவோ சேமித்து எடுத்துப் போங்கள். பிஎன்ஜி என்றால் ஒரு வட்டம் 827 பிக்சலாவது இருக்கட்டும். 70 மில்லிமீட்டருக்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, கணக்கு அதுதான். மூலக் கோப்பை அப்படியே கொடுத்தால், உங்கள் எழுத்துரு அங்கே இல்லாதபோது கத்திரிக்காய் கட்டம் கட்டமாகப் போய்விடும்.

4. அச்சு

டிஜிட்டல் பிரிண்ட் கடையில் 12க்கு 18 அங்குலத் தாள் கேளுங்கள். 70 வட்டம் நாலு வரிசை, ஆறு அடுக்கு, மொத்தம் 24 அதில் உட்காரும். தாளின் கனம் 80 முதல் 100 ஜிஎஸ்எம் போதும். தடித்த ஆர்ட் பேப்பர் பகட்டாக இருக்கும், மிஷினில் மடங்காமல் அடம்பிடிக்கும்.

5. அழுத்துவது

மொத்தம் நாலே பாகம்: மேல் தகடு, தாள், அதன் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளான மைலார், ஊக்கு வைத்த அடித்தகடு. 1896-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் இந்த வகை பேட்ஜ் பரவலாக வந்தபோது மைலாருக்குப் பதில் செல்லுலாய்டு. மற்றபடி அமைப்பு கிட்டத்தட்ட அதேதான்.

மிஷினில் இரண்டு அச்சுக் குழி இருக்கும். முதல் குழியில் மேல் தகட்டை மேடு மேலே பார்க்க வையுங்கள். அதன் மேல் தாள், தாளின் மேல் மைலார். கைப்பிடியை முழுதாக அழுத்துங்கள். தூக்கினால் குழி காலியாக இருக்கும். பயப்பட வேண்டாம், மூன்றும் மேல் அச்சில் ஒட்டிக்கொண்டு போயிருக்கும். இரண்டாம் குழியில் அடித்தகட்டை ஊக்கு கீழே பார்க்க வைத்து, அந்தக் குழியை மேல் அச்சுக்கு நேராகத் திருப்பி, இன்னொரு அழுத்து. ‘டக்’ என்று ஒரு சத்தம், கையில் பேட்ஜ்.

நான் முதலில் செய்த 24-இலும் கத்திரிக்காய் சாய்ந்து படுத்திருந்தது. படத்தின் மேல்பக்கம் முதல் குழியில் எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்குக் குறுக்காக ஊக்கு இரண்டாம் குழியில் கிடக்க வேண்டும். மிஷின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டேன், தொல்லை விட்டது. அப்புறம் மைலார். அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாகப் போனால் மிஷின் இறுகி நிற்கும். வேகமாக அழுத்திக் கைப்பிடியை உடைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் ஊதிப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஐம்பதுக்குள் போதும் என்றால் மிஷின் வாங்காதீர்கள். செய்து தருகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

6. எங்கே குத்துவது?

பருத்திச் சட்டை, பைவார், தொப்பி எல்லாம் சரி. பட்டுப் புடவையில் இழை பிரியும். தோல் பையில் குத்தவே கூடாது, ஓட்டை மூடாது. ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காந்தம் வைத்த அடித்தகடும் உண்டு. ஆனால் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்துபோகிறவர்கள் நிறைந்த ஊர் இது. பேஸ்மேக்கர் வைத்தவர் நெஞ்சருகே காந்தம் ஆகாது, அதனால் ஊக்குதான் எனக்குப் பிடித்தது.

அந்த மருத்துவமனைக்கு எதிரில் லாட்ஜிலோ மருந்துக் கடையிலோ வேலை செய்கிறீர்கள், வங்காளம் தெரியும் என்றால், ‘வங்காளம் பேசுவேன்’ என்று வங்க எழுத்திலேயே ஒரு பேட்ஜ் போட்டுப் பாருங்கள். சிகிச்சைக்கு வந்து மொழி புரியாமல் திகைத்து நிற்கும் வங்காளக் குடும்பம் நேராக உங்களிடம் வரும்.

சித்தி வீட்டு வாசலில் இப்போது இரண்டு கிண்ணம் இருக்கிறது, எந்தக் கட்சியோ எடுத்துக்கொள்ளலாம். போன வாரம் பள்ளிப் பையன் ஒருவன் இரண்டையும் கிளறிப் பார்த்துவிட்டு, “குஸ்காவுக்குக் கட்சி இல்லையாக்கா?” என்று கேட்டானாம். அடுத்த தாளில் எட்டு வட்டம் அவனுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.