முட்டை வெங்காயப் பக்கோடா மொறுமொறுப்பாக வருவதற்கு

முட்டை வெங்காயப் பக்கோடாவில் இரண்டு ஈரங்கள் உண்டு. வெங்காயத்திலிருந்து கசியும் ஈரம் மாவைப் பிடித்து வைக்கிறது. வேகவைத்த முட்டையின் மேல் நிற்கும் ஈரமோ மாவை ஒட்டவிடாமல் வழுக்கச் செய்வதோடு, எண்ணெயையும் தெறிக்க வைக்கிறது. முதல் ஈரத்தைச் சிந்தாமல் காப்பாற்றி, இரண்டாவதைத் துடைத்தெடுத்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. வடசென்னையின் காசிமேடு, ராயபுரம் பக்கம் மாலைக் கடற்காற்றே ஈரமாக இருப்பதால், எங்கள் வீடுகளில் இதற்கு இன்னும் சற்றுக் கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது.

நான்கு பேருக்கு 4 முட்டை, 400 கிராம் பெரிய வெங்காயம், 120 கிராம் கடலை மாவு, 40 கிராம் அரிசி மாவு போதும். அரிசி மாவு இந்த அளவைத் தாண்டினால் பக்கோடா மொறுமொறுப்பை விட்டுக் கடினமாகிவிடும். இரண்டு பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி, தட்டிய பூண்டு ஆறு பல், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி சோம்பு, கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சோடா உப்பு வேண்டவே வேண்டாம். அது பக்கோடாவை உப்ப வைக்கும், ஆனால் எண்ணெயையும் குடிக்க வைக்கும்.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 10 நிமிடம் முட்டையை வேகவைத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் கொதிக்கவிட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சையில் ஒரு வளையம் படரும், மணமும் கெடும். தோலுரித்து நீளவாக்கில் நான்காகக் கீறி, மஞ்சள் கருவைத் தனியே எடுத்து உதிர்த்துக்கொள்ளுங்கள். அது மாவோடு கலந்து சுவையைக் கூட்டும். துண்டோடு விட்டால் எண்ணெயில் உதிர்ந்து கருகும். வெள்ளைக் கருத் துண்டுகளைச் சுத்தமான துணியில் ஒற்றியெடுத்து, ஒரு தேக்கரண்டி அரிசி மாவில் புரட்டி வையுங்கள்.

வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லியதாக அரிந்து, இதழ் இதழாகப் பிரித்து, உப்பைத் தூவி விரல்களால் அழுத்திப் பிசைந்து 10 நிமிடம் விட்டுவிடுங்கள். விறைப்பாக இருந்த இதழ்கள் துவண்டு பளபளக்கும். பாத்திரத்தின் அடியில் இரண்டு கரண்டி நீர் தேங்கியிருக்கும். அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், மாவு பிசைவதற்கு அதுதான் தண்ணீர். பல ஆண்டுகளுக்கு முன் அவசரத்தில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தேன். சட்டியிலிருந்து எடுத்தபோது நன்றாகவே இருந்த பக்கோடா, வந்த விருந்தினர் காபி குடித்து முடிப்பதற்குள் சொதசொதத்துப் போய்விட்டது.

இப்போது மாவுகள், மசாலாக்கள், உதிர்த்த மஞ்சள் கரு ஆகியவற்றை வெங்காயத்தின் மேல் தூவி, ஒரு கரண்டி சூடான எண்ணெயையும் விட்டுப் பிசிறுங்கள். மாவு வெங்காயத்தின் மேல் மெல்லிய போர்வையாக மட்டுமே ஒட்டியிருக்க வேண்டும். எங்கேனும் வறட்டு மாவு தெரிந்தால் கையை நனைத்துத் தெளித்தால் போதும். வெள்ளைக் கருத் துண்டுகளைக் கடைசியில் சேர்த்து, உடையாதபடி மெதுவாகப் புரட்டுங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் வடசென்னைக்குக் கொண்டுவந்த அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் கடைகளில், கீறிய முட்டைக்குள் பொரித்த வெங்காயத்தைத் திணித்துத் தருவார்கள். முட்டையின் மென்மைக்கு வெங்காயத்தின் முறுகல் எவ்வளவு பொருத்தமான துணை என்பதை நான் அந்தத் தட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

இரும்புச் சட்டியில் கடலை எண்ணெயைக் காயவைத்து, ஒரு துளி மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் தங்காமல் உடனே மேலெழும்பினால் சூடு சரி. ஒவ்வொரு பிடியிலும் ஒரு முட்டைத் துண்டு வெங்காயத்துக்குள் மறைந்திருக்கும்படி, உருட்டாமல், இதழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும்படி கிள்ளிப் போடுங்கள். ஒரு நேரத்தில் ஆறேழுக்கு மேல் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும். போட்டவுடன் ஜல்லிக்கரண்டியால் கிளறாமல், மேல்மாவு இறுகியபின் திருப்புங்கள். மிதமான தீயில் நாலைந்து நிமிடத்தில் சடசடவென்ற ஓசை மெலிந்து, குமிழிகளும் அடங்கும். உள்ளிருந்த ஈரம் வெளியேறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அனைத்தையும் எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு, தீயைக் கூட்டி அரை நிமிடம் மறுபடியும் பொரித்தால் மொறுமொறுப்பு வெகுநேரம் நிற்கும். அதே எண்ணெயில் ஈரமில்லாத கறிவேப்பிலையையும் பொரித்து மேலே தூவுங்கள்.

பொரித்ததைக் கம்பித் தட்டில் பரப்பி வையுங்கள். மூடி போட்டால் ஆவி திரும்பவும் அதன் மேலேயே இறங்கும். செய்தித்தாளில் கொட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்; அச்சு மை உணவில் சேரும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது. மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சிறுதீயில் புரட்டி, உள்வரை சூடாக்கிச் சாப்பிடலாம்.