கேட்வாக்கில் ஏறும்போது முதலில் காலடியைப் பாருங்கள்

கிடங்கிலோ ஆலையிலோ கேட்வாக்கில் (உயரத்தில் அமைத்த இரும்பு நடைபாதையில்) ஏறுகிறவர்கள் பெரும்பாலும் கைப்பிடியைத்தான் ஆட்டிப் பார்க்கிறார்கள். கைப்பிடி ஆடினால் யாராவது உடனே சொல்லிவிடுவார்கள். பீமோடு பிடித்துவைக்கும் கிளிப் கழன்று விழுந்துவிட்ட கிரேட்டிங்கை (காலடியில் இருக்கும் இரும்புச் சட்டத் தளத்தை) பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை, ஏனென்றால் அது கண்ணில் படுவதே இல்லை. ஆகவே சோதனையைத் தரையிலிருந்து தொடங்குங்கள்.

கிரேட்டிங்கில் செங்குத்தாக நிற்கும் பட்டைகள்தான் சுமையைத் தாங்குகின்றன. குறுக்கே ஓடும் முறுக்குக் கம்பிகள் அந்தப் பட்டைகளைச் சாயாமல் பிடித்துக்கொள்வதோடு சரி. சுமைப் பட்டைகள் ஒரு பீமிலிருந்து அடுத்த பீமுக்குப் போக வேண்டும். இரு முனையும் பீமின் மேல் குறைந்தது 25 மி.மீ. உட்கார்ந்திருக்க வேண்டும். சதுரமான கிரேட்டிங் துண்டை, அதாவது பலகையை, கழற்றி மாட்டும்போது 90 பாகை திருப்பிப் போட்டுவிட்டால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் சுமை முழுவதும் முறுக்குக் கம்பிகளுக்குப் போய்விடும். ஆள் மிதித்தால் பலகை வளைந்து பீமிலிருந்து நழுவும். கழற்றும் முன்பே பலகையிலும் பக்கத்துப் பீமிலும் ஒரே எண்ணையும் ஒரு அம்புக்குறியையும் பெயிண்டில் போட்டுவைத்தால் இந்தத் தவறு நடக்காது.

ஒவ்வொரு பலகைக்கும் நான்கு மூலையிலும் கிளிப் இருக்க வேண்டும். மோட்டார், சல்லடை, கன்வேயர் ஹெட் அருகே அதிர்வில் கிளிப் போல்ட் தளரும், அங்கே அடிக்கடி பாருங்கள். நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அந்தப் பலகை உட்காரவில்லை என்று அர்த்தம். துருவை நடுவில் தேடாதீர்கள். பட்டை பீமின் மேல் உட்காரும் இடத்தில்தான் தூசி சேர்ந்து ஈரம் நிற்கும். தூசியைத் தள்ளிவிட்டு அங்கே சுத்தியலால் தட்டுங்கள். செதில் செதிலாக உதிர்ந்தாலோ சத்தம் மொத்தையாகக் கேட்டாலோ பலகையை மாற்றுங்கள். மேலே பெயிண்ட் அடித்து மறைப்பது இருப்பதிலேயே மோசமான வழி.

கிரேட்டிங்கைத் திறக்கும் வேலையில்தான் ஆட்கள் விழுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் கழற்றிய ஆளே. பலகையைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைப்பார். கையிலிருக்கும் பலகையே கீழே திறந்த ஓட்டையை மறைத்துவிடும். 25×5 மி.மீ. பட்டை போட்ட ஒரு சதுர மீட்டர் பலகை 30 கிலோவுக்கு மேல் இருக்கும், தனியாளாகத் தூக்கித் திரும்பும்போது தடுமாறுவதில் ஆச்சரியமில்லை. வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கீழே ஆள் வராதபடி தடுப்பு, பிறகு மேலே இரு பக்கமும் குழாயாலோ ஆங்கிளாலோ கெட்டியான தடுப்பு (பிளாஸ்டிக் டேப் ஆளைத் தாங்காது), அடுத்து ஹார்னஸ் (விழாமல் காக்க உடலில் அணியும் பட்டை) கொக்கியை மாட்டுவது, கடைசியாகத்தான் முதல் கிளிப்பில் ஸ்பேனர் வைப்பது. இருவர் தூக்குங்கள். ஒரு பலகையைக் கழற்றி வேலை முடித்து மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

ஷிஃப்ட் முடிந்தும் ஓட்டை திறந்திருக்கப் போகிறதென்றால் மூடியைப் போல்ட் போட்டு இறுக்கி, மேலே 'கீழே ஓட்டை' என்று எழுதுங்கள். சும்மா பிளைவுட்டைப் போட்டு மூடினால், அடுத்த ஷிஃப்ட்காரர் அதை வேண்டாத பலகை என்று எண்ணி எடுக்கப் போய் உள்ளே விழுவார்.

ஹார்னஸை கைப்பிடியில் மாட்டக் கூடாது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி கைப்பிடி தாங்க வேண்டியது 890 நியூட்டன் தள்ளுவிசை. விழும் ஆளைத் தடுக்கும் நங்கூரப் புள்ளிக்கு, தனியாகப் பொறியாளர் கணக்கிட்டு அமைக்காதபோது, ஆளுக்கு 22 கிலோநியூட்டன் கேட்கிறார்கள். செயின் பிளாக்கை (சுமை தூக்கும் சங்கிலிக் கப்பியை) கைப்பிடியில் தொங்கவிடுவதும் இதே கதைதான்.

அளவுகளுக்கு ஐஎஸ்ஓ 14122 என்ற சர்வதேசத் தரநிலையைப் பின்பற்றலாம். பாதை அகலம் பொதுவாகக் குறைந்தது 600 மி.மீ., 800 இருந்தால் நல்லது, ஆட்கள் எதிரெதிரே அடிக்கடி கடந்தால் 1000. தலைக்கு மேல் 2100 மி.மீ. காலியாக இருக்க வேண்டும். பின்னாளில் இழுத்த கேபிள் டிரேதான் பெரும்பாலும் இதைக் கெடுக்கும். கைப்பிடி உயரம் 1100, கம்பிகளுக்கிடையே இடைவெளி 500-க்கு மேல் கூடாது, டோ போர்டு (பாதை ஓரத்தில் காலடியில் நிற்கும் தடுப்புத் தகடு) 100 மி.மீ. உயரம், அதன் அடியில் அதிகபட்சம் 12 மி.மீ. சந்து. ஏணி வந்து சேரும் இடத்தில் தானாக மூடிக்கொள்ளும் கதவு வேண்டும், அது பாதையின் உள்பக்கமாகத் திறக்க வேண்டும். சங்கிலி போட்டால் நாலாம் நாளே அது பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

சுமைக்கு வருவோம். சாதாரண கேட்வாக்குக்குக் குறைந்தபட்சக் கணக்கு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், ஏறக்குறைய 200 கிலோ. உங்கள் இடத்து அறிவிப்புப் பலகையில் வேறு எண் எழுதியிருந்தால் அதுவே சட்டம். நிரம்பிய 200 லிட்டர் எண்ணெய் டிரம் கிட்டத்தட்ட 200 கிலோ. அது நிற்பதோ கால் சதுர மீட்டரில். அதாவது அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு 800 கிலோ. கழற்றிய கியர் பாக்ஸை 'கொஞ்ச நேரம்' வைப்பதும் இப்படித்தான். செக்கர் பிளேட் (ஓட்டையில்லாத, மேடு வரி போட்ட இரும்புத் தகடு) போட்ட பாதையில் தூசியும் ஒரு சுமை: கன மீட்டருக்கு 1000 கிலோ எடையுள்ள தூள் 10 செ.மீ. படிந்தால் சதுர மீட்டருக்கு 100 கிலோ, அனுமதித்ததில் பாதி போய்விட்டது. மழையில் நனைந்தால் இன்னும் கூடும்.

வழக்கமான 30 மி.மீ. இடைவெளி கிரேட்டிங்கில் எம்16 நட் தாராளமாக விழும். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்பேனர் தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 50 கி.மீ. வேகம். கீழே ஆட்கள் வேலை செய்யும் இடங்களில் 20 மி.மீ. உருண்டைகூட விழாத தரை வேண்டும். அது இல்லாத இடத்தில் வேலை நடக்கும் மட்டும் தடித்த ரப்பர் மேட் விரியுங்கள். ஓரத்தைக் கட்டாவிட்டால் அதுவே காலைத் தட்டும். ஸ்பேனரைக் கயிற்றோடு மணிக்கட்டிலோ பெல்ட்டிலோ கட்டுங்கள். ஏணியில் ஏறும்போது இரு கையும் காலியாக இருக்கட்டும், சாமானைப் பையில் போட்டுக் கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள்.

கேட்வாக்கின் தூணில் ஃபோர்க்லிஃப்ட் இடித்தால், தூண் நேராகத் தெரிந்தாலும் மேலே யாரையும் விடாதீர்கள். அடித்தகட்டின் நங்கூர போல்ட், கான்கிரீட்டில் விரிசல், மேலே பீம் இணையும் போல்ட், அந்த இரு தூணுக்கிடையே உள்ள பலகைகள் பீமின் மேல் உட்கார்ந்திருக்கும் அளவு ஆகிய நான்கையும் பார்த்த பிறகு திறந்தால் போதும்.