பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர்தான் உங்கள் பெயர்: யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு

வெளிநாட்டில் வந்து இறங்கிய கையோடு வங்கி, வரி இலக்கம், மருத்துவ அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம் என்று படிவங்கள் வரிசையாக வரும். எங்கே போய் எடுப்பது என்று சொல்லித்தரச் சொந்தக்காரர் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மட்டும் ஒருவரும் சொல்லித்தருவதில்லை. அதன் செலவு பிறகு ஊருக்குப் போக டிக்கெட் போடும்போதுதான் தெரியவரும்.

பாஸ்போர்ட்டைத் திறந்து படம் உள்ள பக்கத்தின் அடியைப் பாருங்கள். இரண்டு வரிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் 44 இடங்கள். முதல் வரியின் முதல் ஐந்து இடங்கள் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போக, மிச்சம் 39 இடங்கள் பெயருக்கு. முதலில் சர்நேம், அடுத்து அம்புத்தலை போன்ற குறி இரண்டு, அதற்குப் பிறகு மற்றப் பெயர்கள். விமான நிலையக் கருவி வாசிப்பது இந்த வரிகளைத்தான். ஆகவே டிக்கெட்டில் பெயர் போடும்போது மேலே அச்சிட்டதோடு இந்த வரியையும் எழுத்தெழுத்தாகப் பார்த்துப் போடுங்கள்.

எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். சிவலிங்கத்தின் மகன் குமரன், 'சிவலிங்கம் குமரன்'. பாஸ்போர்ட்டில் சர்நேம் சிவலிங்கம், அதர் நேம்ஸ் குமரன். வெளிநாட்டில் எல்லா இடத்திலும் 'மிஸ்டர் சிவலிங்கம்' என்று கூப்பிடுவார்கள். அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார்களே என்று மனம் சங்கடப்படும். அது நியாயமானதும்கூட. ஆனால் அந்தச் சங்கடத்தில் வங்கியில் ஒரு மாதிரி, அனுமதிப்பத்திரத்தில் ஒரு மாதிரி என்று பெயரை மாற்றிப் போட வெளிக்கிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் உண்டாகிவிடும். கூப்பிடுகிறவர்கள் எப்படியும் கூப்பிடட்டும், படிவத்தில் பாஸ்போர்ட்டின் ஒழுங்கைக் குழப்பாதீர்கள்.

அதிகமானோர் மாட்டுப்படுகிற இடம் மனைவியின் டிக்கெட். குமரன் மாலதியைக் கலியாணம் செய்கிறார். மாலதியின் பாஸ்போர்ட்டில் சர்நேம் அவருடைய தகப்பன் பெயர், தம்பிராசா. பிள்ளைகளின் சர்நேம் குமரன். ஒரே வீட்டுக்குள் மூன்று சர்நேம். கணவன் இரவில் உட்கார்ந்து இணையத்தில் நாலு பேருக்கும் ஒன்றாக டிக்கெட் போடும்போது, முதல் ஆளின் சர்நேமை உலாவியே மற்றவர்களுக்கும் நிரப்பிவிடும். அல்லது 'என் மனைவிதானே' என்று தன் பெயரையே அவருக்கும் போடுவார். விவாக அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று நம்பாதீர்கள். சில கவுண்டரில் விடுவார்கள், சிலதில் விடமாட்டார்கள். விவாகம் பதிந்ததால் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் தானாக மாறாது. நீங்கள் மாற்றும்வரை அவர் தம்பிராசா மாலதிதான்.

கணவன் பெயருக்கு மாற்ற விரும்பினால் காலம் பார்த்து மாற்றுங்கள். மனைவியை அழைக்க ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து அவர் வந்து இறங்கும்வரை பாஸ்போர்ட்டில் கைவைக்க வேண்டாம். விசா பழைய இலக்கத்தோடும் பழைய பெயரோடும் கட்டுப்பட்டது. வெளிநாட்டில் உள்ள இலங்கைத் தூதரகம் வழியாக மாற்றுவது இழுபடும் வேலை. 2025 செப்டெம்பரிலிருந்து யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகம்) பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது, முன்னைப்போல வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ அலைய வேண்டியதில்லை. விண்ணப்பத்துக்கு முன்பே யோசித்து முடித்துவிடுங்கள்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தமிழில் இருக்கிறது. அதை ஆங்கிலமாக்குகிற சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர் தனக்குப் பழகினபடி எழுதிவிடுவார். ஜெயக்குமாரில் ஜே-க்குப் பிறகு ஏ-யா ஈ-யா, பிரதீபனில் பி-க்கும் ஆர்-க்கும் நடுவே ஐ உண்டா, தேவராஜாவின் முடிவில் எச் உண்டா என்று ஒவ்வொருவரும் ஒரு மாதிரி. மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே பாஸ்போர்ட் பிரதியையும் கொடுத்து, எழுத்து இதன்படிதான் வரவேண்டும் என்று கேளுங்கள். தகப்பன், தாயின் பெயருக்கும் அவர்களுடைய பாஸ்போர்ட்டையோ அடையாள அட்டையையோ காட்டுங்கள். தமிழ்ப் பத்திரத்திலேயே பிழை இருந்தால் மொழிபெயர்ப்பால் திருத்த முடியாது. அதற்குப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம்தான் போகவேண்டும்.

பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் வெறுமையாக, பெயர் முழுவதும் மற்றதில் இருந்தால் வேறு கரைச்சல். கனடாக் குடிவரவுப் படிவங்களில் பெயர் முழுவதையும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதி மற்றதை வெறுமையாக விடவேண்டும். அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப் என் யூ ('முதற்பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம்) என்று வரும். விமான நிறுவனங்களோ ஆளுக்கொரு முறை வைத்திருக்கின்றன. டிக்கெட் போட முன் அந்த நிறுவனத்திடமே கேளுங்கள்.

டிக்கெட் வந்தவுடன் பெயரைச் சரிபாருங்கள். சொந்தப் பெயரோடு எம் ஆர் (மிஸ்டர்) ஒட்டிக்கொண்டு வந்தால் பயப்பட வேண்டாம், அது முன்பதிவு முறையின் வழக்கம். இடைவெளியும் புள்ளியும் காணாமல் போவதும் அப்படித்தான். எழுத்துப் பிழையோ முன்பின் மாறியதோ என்றால் அன்றைக்கே சொல்லுங்கள். ஏஜென்சியில் வாங்கியதைப் பெரும்பாலும் அன்றைக்குள் ரத்துச் செய்து புதிதாகப் போடலாம். பிந்தினால் திருத்தக் கட்டணம், சிலவேளை புது டிக்கெட். இரண்டு நிறுவன விமானங்களில் மாறிப் போவதென்றால் திருத்த வேண்டியது டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனம். 13 இலக்க டிக்கெட் எண்ணின் முதல் மூன்றும் அதைச் சொல்லும்: 603 ஸ்ரீலங்கன், 157 கட்டார், 176 எமிரேட்ஸ். ஏஜென்சியில் வாங்கியிருந்தால் முதலில் ஏஜென்சியைப் பிடியுங்கள். ஒரு முன்பதிவில் பலர் இருந்தால் திருத்திய பிறகு எல்லாருடையதையும் திரும்பப் பாருங்கள்.

பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. பழைய பிளாஸ்டிக் வதிவிட அட்டை 2024 டிசம்பர் 31 உடன் முடிந்து, எல்லாம் ஈ-விசா ஆகிவிட்டது. பாஸ்போர்ட் புதுப்பித்தவுடன் புது இலக்கத்தை உங்கள் குடிவரவுக் கணக்கில் சேருங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது கட்டுநாயக்க விமான நிலையத்தில் உங்கள் அனுமதி விமான நிறுவனத்தின் திரையில் வராமல் போகலாம். கனடியப் பிரஜாவுரிமை எடுத்தவர்கள் 2016 நவம்பரிலிருந்து கனடியப் பாஸ்போர்ட் இல்லாமல் கனடாவுக்கு விமானம் ஏற முடியாது, டிக்கெட்டில் போடவேண்டியதும் அதில் உள்ள பெயர்தான்.

தாய் தனியே பிள்ளையோடு பயணம் செய்தால் இருவருக்கும் சர்நேம் வேறு என்பதால் கேள்வி வரும். பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, தகப்பன் கையெழுத்திட்டுச் சட்டத்தரணியோ நொத்தாரிசோ உறுதிப்படுத்திய சம்மதக் கடிதம், தகப்பனின் பாஸ்போர்ட் பிரதி ஆகிய நான்கையும் கைப்பையில் வையுங்கள். சூட்கேசுக்குள் வைத்து அனுப்பிவிடாதீர்கள்.