வாசனை மெழுகுவத்தி: எண்ணெயைக் கூட்டும் முன் திரியைப் பாருங்கள்

வீட்டில் செய்த மெழுகுவத்தியில் வாசனை போதவில்லை என்றால், அடுத்த முறை வாசனை எண்ணெயை இன்னும் கொஞ்சம் கூட ஊற்றத்தான் எல்லாருக்கும் கை போகும். பெரும்பாலும் குறை எண்ணெயில் இருக்காது. மெழுகு ஓரளவு எண்ணெயைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சம் மேலே வியர்த்து நிற்கும், இல்லையென்றால் அடியில் தேங்கும். சுடர் எகிறிக் கரும்புகை வருவதும், சில சமயம் தேங்கிய எண்ணெயே பற்றிக்கொள்வதும் இதனால்தான்.

சோயா மெழுகுக்கு எடையில் 6 முதல் 10 சதவீதம் எண்ணெய் என்பது பொதுவான கணக்கு. 200 கிராம் மெழுகுக்கு 8 சதவீதம் என்றால் 16 கிராம். கிராம்தான், மில்லி இல்லை. எண்ணெய்க்கு எண்ணெய் கனம் மாறும். சமையலறைத் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

அடுத்தது சூடு. சோயா மெழுகு 50 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். உருகிவிட்டதே என்று அப்போதே எண்ணெயை ஊற்றி, கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கண்ணாடி டம்ளரில் ஊற்றுகிறார்கள். எண்ணெய் சரியாகக் கலந்திருக்காது. பொதுவாக 80-85 டிகிரிக்குக் கொண்டுபோய், அடுப்பை அணைத்து, எண்ணெயைச் சேர்த்து இரண்டு நிமிடமாவது நிதானமாகக் கலக்க வேண்டும். மெழுகுப் பாத்திரத்தை நேராகத் தீயில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். தப்பித்தவறி மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, எரியும் மெழுகு சிதறிவிடும். அடுப்பை அணைத்து, தட்டு போட்டு மூட வேண்டும்.

சரி, உண்மையில் வாசனையைக் கெடுப்பது எது? என் கணிப்பில் முக்கால்வாசி நேரம் திரிதான். எரியும்போது வாசனை எழுவது சுடரைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகிலிருந்து. டம்ளர் 7 செ.மீ. அகலம் என்றால், மூன்று மணி நேரத்துக்குள் அந்த உருகல் கண்ணாடி ஓரத்தைத் தொட்டுவிட வேண்டும். திரி மெலிதாக இருந்தால் நடுவில் குழி பறித்துக்கொண்டு இறங்கும், ஓரத்து மெழுகும் அதிலிருக்கும் வாசனையும் அப்படியே நின்றுவிடும். தடிமனாக இருந்தால் திரி நுனியில் காளான் போலக் கரி கட்டும், கண்ணாடி கை வைக்க முடியாமல் சுடும். ஒரே மெழுகு, ஒரே டம்ளர், இரண்டு மூன்று அளவுத் திரி என்று எரித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. ஃபேனை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஃபேன் காற்றில் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, நல்ல திரியும் கெட்ட பெயர் வாங்கும். ஒவ்வொரு முறை ஏற்றும் முன்னும் நுனியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டிவிடுங்கள்.

ஆறியதும் ஏற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவதும் தவறுதான். சோயா மெழுகை மூடி போட்டு ஒன்றிரண்டு வாரம் வைத்தால்தான் வாசனை நன்றாக எழும்.

வாசனை கலப்பதில் பெரிய தவறு, புட்டியை மோந்து பார்த்து முடிவு செய்வது. எலுமிச்சை, ஆரஞ்சு முதலில் பறந்துவிடும். மல்லிகை, ரோஜா நடுவில் நிற்கும். சந்தனம், வெட்டிவேர் கடைசிவரை தங்கும். புட்டியில் முதலில் மூக்கைத் தொடுவது முந்தி ஓடுகிறவைதான். அதனால் காகிதத் துண்டுகளில் துளி துளியாக விட்டு, மூடிய பாட்டிலில் ஓர் இரவு வைத்து, மறுநாள் திறந்து பாருங்கள். மல்லிகை 5 துளி, வெட்டிவேர் 3, ஆரஞ்சு 2 என்று தொடங்கலாம். ஆரஞ்சுக்குப் பதில் அதே 2 துளி எலுமிச்சைப்புல் தைலம் விட்டால் மல்லிகை காணாமல் போய்விடும். அதற்கு ஒரு துளியே அதிகம். மூன்று எண்ணெய்க்கு மேல் ஆரம்பத்தில் வேண்டாம். மூக்கு மரத்துப்போனால் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வாருங்கள். வெனிலா சேர்த்தால் வெள்ளை மெழுகு நாளாவட்டத்தில் பழுப்பாகும். எண்ணெய் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

பன்னீர் மெழுகில் கலக்காது. உடம்பில் அடிக்கும் சென்ட்டில் ஆல்கஹால், சூடான மெழுகுக்கு அருகில் அது ஆபத்து. அப்புறம், மலிவாகக் கிடைக்கும் மல்லிகை எண்ணெய் பூவிலிருந்து எடுத்ததாக இருக்காது. நிஜ மல்லிகைச் சாறு விலை எங்கேயோ இருக்கும். செயற்கை வாசனையில் தப்பில்லை, மெழுகுவத்திக்கென்று விற்பதாக இருந்தால் போதும். கூந்தல் தைலம் மாதிரி வேறு எண்ணெயில் கலந்து விற்பது வேண்டாம்.

மேலே உலர்ந்த ரோஜா இதழ், பட்டைத் துண்டு பதிப்பது போட்டோவுக்கு அழகு. சுடர் பட்டால் அவையும் திரியாகிவிடும். நிறத்துக்குக் குழந்தைகளின் கிரேயானை உருக்கிப் போடுவதும் வேண்டாம், அதிலுள்ள நிறப்பொடி திரியை அடைத்துவிடும். மெழுகுக்கென்று தனியாகச் சாயம் விற்கிறார்கள்.